அழாதீர்கள், பட்டனைப் போடுங்கள்: சோகக் கோமாளியை மேடையேற்றும் வழி

முதல் தடவை சோகக் கோமாளியாக மேடை ஏறியபோது கண்ணுக்குக் கீழே கட்டைவிரல் பருமனுக்கு ஒரு நீலக் கண்ணீர்த்துளி வரைந்துகொண்டு போனேன். உதட்டோரம் இரண்டையும் கீழே இழுத்து வைத்திருந்தேன், தோளைத் தொங்கப் போட்டிருந்தேன், கையில் வாடிப்போன ஒற்றைப் பூ வேறு. பத்து நிமிடம். யாரும் சிரிக்கவில்லை. சரி, சோகக் காட்சிதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்றால், யாரும் வருத்தப்படவும் இல்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் இருமினார், அன்றைக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

அப்புறம் பல தடவை சொதப்பி, நன்றாகச் செய்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் விஷயம் பிடிபட்டது. சோகக் கோமாளி எப்போதும் ஏதோ ஒரு வேலையில் மும்முரமாக இருப்பான். வருத்தப்பட அவனுக்கு நேரமே கிடையாது. வருத்தம் முழுக்க உட்கார்ந்து பார்க்கிறவர்களுடையது. நாம் மேடையில் அழுது தீர்த்துவிட்டால் அவர்களுக்கு மிச்சம் வைக்க ஒன்றும் இல்லாமல் போய்விடும். ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு துண்டுக் காட்சி செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், வரைகிறவர்களுக்கும் பாதியாவது உதவும்.

எந்தக் கோமாளி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சோகக் கோமாளி என்றதும் ஆளாளுக்கு ஒரு உருவம் மனதில் வரும். வெள்ளை முகம், தொளதொள வெள்ளைச் சட்டை, பெரிய பெரிய பட்டன்கள் என்றால் அவன் பியரோ. இத்தாலிய முகமூடி நாடகக் குழுக்களில் பெத்ரோலினோ என்று ஒரு வேலைக்காரப் பாத்திரம் உண்டு, அந்த வழியில் வந்தவன். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில் ஆடிக்கொண்டிருந்த இத்தாலிய நடிகர்களிடம் பியரோவாக நிலைத்தான். அவன் கதை பெரும்பாலும் ஒன்றேதான், கொலம்பைனைக் காதலிப்பான், அவள் ஹார்லெக்வினோடு போய்விடுவாள்.

கிழிந்த கோட்டு, மழிக்காத தாடி, நசுங்கிய தொப்பி என்றால் அவன் நாடோடிக் கோமாளி. அமெரிக்க சர்க்கஸில் எம்மெட் கெல்லி 'வியரி வில்லி' என்ற பெயரில் செய்த உருவம் இதுதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய், சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த ஆட்களின் சாயல் அவனிடம் இருக்கும். 1914இல் திரைக்கு வந்த சாப்ளினின் நாடோடியும் இதே குடும்பம்தான், ஆனால் அவனுக்கு வெள்ளை முகமும் கிடையாது, சிவப்பு மூக்கும் கிடையாது.

மூன்றாவது வகை சிவப்பு மூக்கு அகஸ்ட். இவன் பெரும்பாலும் தனியாக வரமாட்டான். எல்லாம் தெரிந்த, மிடுக்கான வெள்ளை முகக் கோமாளி ஒருவன் அதட்டிக்கொண்டே இருப்பான், இவன் ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டே இருப்பான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நாடோடியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பியரோ பார்க்கச் சுலபம், செய்ய மகா கஷ்டம். அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டவுடனேயே முந்நூறு வருடத்துச் சோகமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கூட்டம் "ஓ, பாவம்" என்று முடிவு கட்டிவிடும், அதற்குப் பிறகு அவர்களைச் சிரிக்க வைப்பது மலையைப் புரட்டுகிற வேலை.

சும்மா நிற்கப் பழகுங்கள்

1718–19 வாக்கில் அந்துவான் வாத்தோ வரைந்த பியரோ ஓவியம் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படம் ஒன்றைப் பெரிதாக எடுத்து எதிரே வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு ஒருவன் நம்மைப் பார்த்து நிற்கிறான். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்குகின்றன. சட்டைக் கை ரொம்ப நீளம் போல, முழங்கைப் பக்கம் கசங்கிச் சுருங்கிக் கிடக்கிறது. காற்சட்டையோ கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. முகத்தில் அழுகை இல்லை. அவனுக்குப் பின்னால், கொஞ்சம் தாழ்வில், மற்ற ஆட்கள் ஒரு கழுதையோடு ஏதோ ஆரவாரத்தில் இருக்கிறார்கள். இவன் மட்டும், "கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன், இனி என்ன செய்ய வேண்டும் என்று யாருமே சொல்லவில்லையே" என்பதுபோல நிற்கிறான்.

அதேபோல இரண்டு நிமிடம் நில்லுங்கள், யாராவது ஒருவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு. கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், மூக்கைச் சொறியும், இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். விடாதீர்கள், தொங்கட்டும். முதல் அரை நிமிடம் வெட்கமாக இருக்கும், அப்புறம் எதிரே இருப்பவர் சிரிப்பார், அதற்கும் அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு உங்களையே பார்ப்பார். அந்த இடம் எப்போது வருகிறது என்று கவனித்து வையுங்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் வந்த இடம் அது.

இதை ஒட்டிய இன்னொரு பயிற்சி ஜாக் லெகோக்கினுடையது. 1956இல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கியவர், சிவப்பு மூக்கை உலகின் மிகச் சிறிய முகமூடி என்று சொன்னவர். மாணவர்களை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவராக நடுவே வந்து மற்றவர்களைச் சிரிக்க வையுங்கள் என்றார். குட்டிக்கரணம் போட்டார்கள், கோணங்கித்தனம் எல்லாம் செய்தார்கள், ஒரு சிரிப்பும் இல்லை. தோற்றுப்போய், எரிச்சலும் வெட்கமுமாக இடத்துக்குத் திரும்பி நடந்தபோதுதான் எல்லோரும் சிரித்தார்கள். நண்பர்கள் நாலு பேர் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நடுவே நின்று செய்வதை யாரும் படம்பிடிக்க வேண்டாம், திரும்பி நடப்பதைப் படம்பிடித்து வையுங்கள். உங்கள் கோமாளி எப்படி நடப்பான் என்பது அதில் இருக்கும்.

ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள்

இதுதான் முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

காதல் தோல்வி, தனிமை, மரணம் என்று பெரிய பெரிய தலைப்புகளை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போகாதீர்கள். கோமாளிக்குத் தேவை கையால் செய்கிற ஒரு வேலை. கெல்லியின் புகழ்பெற்ற துண்டில் அவர் கையில் இருந்தது ஒரு துடைப்பம். சர்க்கஸ் வளையத்துக்குள் வட்டமாக ஒரு ஸ்பாட் லைட் விழும், அதை அவர் குப்பை என்று நினைத்துக் கூட்டுவார். கூட்டக் கூட்ட வெளிச்சம் விலகும், சுருங்கும், இவர் விடாமல் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளித் தள்ளிக் கூட்டி, கடைசியில் ஒரு கையளவு ஆக்கி, அதையும் பெருக்கி எடுத்துவிடுவார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. தன் மேல் விழுந்த ஒரே வெளிச்சத்தை ஒருவன் தானே கூட்டித் தள்ளுகிறான் என்று எந்த இடத்திலும் யாரும் சொல்லவில்லை. அவர் கூட்டினார், அவ்வளவுதான்.

ரஷ்யக் கோமாளி ஸ்லாவா பொலூனினின் பனி நிகழ்ச்சியில் ஒரு கோட்டு மாட்டும் கம்பம் வரும், அதில் ஒரு கோட்டும் தொப்பியும் தொங்கும். அவர் தன் ஒரு கையை அந்தக் கோட்டின் கைக்குள் நுழைத்துவிடுவார். அதற்கப்புறம் அந்தக் கை அந்தக் கோட்டுக்காரருடையது. அது இவரைத் தட்டிக்கொடுக்கும், அணைத்துக்கொள்ளும். பிரிவுக்கு இவ்வளவு மலிவான மேடைச் சாமான் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

சரி, நமக்கு ஒன்று செய்வோம். நான் பழக்கும்போது கொடுக்கிற துண்டு இது, எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலு பட்டன் வைத்த ஒரு பழைய கோட்டு. இரண்டாவது பட்டன் இல்லை, காஜா மட்டும் இருக்கிறது. கோமாளி போட்டோ எடுத்துக்கொள்ள வந்திருக்கிறான். நாற்காலி ஒன்று, கேமரா கூட்டம் இருக்கும் பக்கம். வேலை ஒன்றுதான்: ஒழுங்காக உட்கார்ந்து போட்டோவுக்கு முகம் காட்ட வேண்டும்.

உட்காருகிறான், மேலிருந்து பட்டன் போடுகிறான். ஒன்று. இரண்டாவதற்கு விரல் போகிறது, பட்டன் இல்லை. இந்த இடத்தில் அதிர்ச்சியெல்லாம் காட்டாதீர்கள், விரல் மட்டும் அங்கேயே ஒரு நொடி தேடட்டும். பரவாயில்லை என்று மூன்றும் நாலும் போட்டு நிமிர்ந்தால் வயிற்றுக்கு மேலே வாய் பிளந்த மாதிரி கோட்டு திறந்து நிற்கிறது. எல்லாவற்றையும் கழற்றி, ஒரு காஜா தள்ளிப் போடுகிறான், இடைவெளி இப்போது கீழே போய்விட்டது, மகா சந்தோஷம். ஆனால் கோட்டு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. கோட்டை நேராக்க முடியாது, அதனால் தலையைச் சாய்த்துக்கொள்கிறான். தலை சாய்ந்ததும் தொப்பி விழுகிறது. குனிந்து எடுக்கப்போனால் இருக்கிற மூன்று பட்டனும் தெறித்துத் திறந்துகொள்கின்றன. (காஜாவைக் கொஞ்சம் தளர்வாக வெட்டி வையுங்கள், இல்லையென்றால் இது நடக்காது, நீங்கள் மேடையில் குனிந்தபடியே இழுத்துக்கொண்டு நிற்பீர்கள். எனக்கு நடந்தது.)

மூன்றாவது முயற்சி. பழையபடி போட்டு, இடைவெளியை இடது கையால் பிடித்துக்கொள்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது. போட்டோக்காரர், அதாவது கூட்டத்தின் பக்கத்திலிருந்து ஒரு விரல் சொடுக்கு, கையைக் கீழே வைக்கச் சொல்கிறார். வைக்கிறான், கோட்டு திறக்கிறது. மறுபடி கை மேலே போகிறது, மறுபடி சொடுக்கு. இதை எத்தனை தடவை செய்யலாம் என்பது கூட்டத்தைப் பொறுத்தது, மூன்றுக்கு மேல் நான் போகமாட்டேன்.

அப்புறம் ஒரு யோசனை வருகிறது. தொப்பியைக் கழற்றி, இடைவெளியை மறைத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறான். கனகச்சிதம். நிமிர்ந்து நேராகப் பார்க்கிறான்.

இப்போது கூட்டம் என்ன பார்க்கிறது? வெறும் தலையோடு, நெஞ்சில் தொப்பியை வைத்துக்கொண்டு ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். துக்க வீட்டில் நிற்கிறவன் மாதிரி. அவனுக்கு அது தெரியாது, அவன் பட்டனை மறைத்த பெருமையில் இருக்கிறான். அப்படியே வைத்திருங்கள், நாலு நொடி, ஐந்து நொடி. கேமரா ஒளி மின்னட்டும்.

எழுந்து போகும்போது கைக்குட்டை எடுக்கச் சட்டைப்பையில் கையை விடுகிறான், பட்டன் வருகிறது. ஆக, அது தொலையவில்லை. ஒரு தடவை அதைப் பார்க்கிறான், மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு போய்விடுகிறான். யார் தைத்துக் கொடுத்திருக்க வேண்டும், ஏன் தைக்கவில்லை, எதுவும் சொல்லாதீர்கள். பட்டனை முத்தமிட்டான், விசும்பினான் என்று யாராவது ஒத்திகையில் சேர்த்தால் அந்த ஆளை வெளியே அனுப்பி ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

மொத்தம் ஆறு நிமிடம் வரும். அதில் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் சிரிப்பு, மிச்சம்தான் மற்றது. இந்தக் கணக்கை மாற்றாதீர்கள். முதலில் சிரித்தவர்கள்தான் பிறகு கலங்குவார்கள், ஏனென்றால் இத்தனை நேரம் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று அவர்களுக்கே அந்தக் கடைசி நொடியில்தான் உறைக்கும்.

முகத்தை விட்டுவிடுங்கள்

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் முகத்தை அசைக்காமலே காலம் முழுக்க நடித்தார், வீடே மேலே இடிந்து விழுந்தாலும் அதே முகம். காரணம் எளிது, முகம் காலியாக இருந்தால் பார்க்கிறவர் தன் மனதில் இருப்பதை அதில் போட்டுக்கொள்வார். ஆகவே கூட்டத்தைப் பார்க்கும்போது பரிதாபம் கேட்டுப் பார்க்காதீர்கள். "பார்த்தீர்களா, சரியாகிவிட்டது" என்று தகவல் சொல்கிற பார்வை போதும். அதுவும் ஒவ்வொரு முயற்சி முடிந்த பிறகு ஒரு தடவை மட்டும்.

பேச்சு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இதற்கு ஒரு பழைய பின்னணியும் உண்டு. பாரிஸின் ஃப்யூனாம்ப்யூல் அரங்கில் ழான்-காஸ்பார் தெபுரோ பியரோவாக ஆடத் தொடங்கிய காலத்தில், அந்த மாதிரிச் சின்ன அரங்குகளுக்கு வசன நாடகம் போட அனுமதி கிடையாது. பேச முடியாததால் உடம்பே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் உடையிலும் ஒரு வேலை செய்தார், கழுத்தைச் சுற்றியிருந்த மடிப்புப் பட்டையை எடுத்துவிட்டார், பெரிய தொப்பிக்குப் பதில் தலையோடு ஒட்டிய கறுப்புக் குல்லா போட்டுக்கொண்டார். வெள்ளை முகம் சட்டென்று தனியாகத் தெரிந்தது. உங்கள் உடையிலும் இதையே கேளுங்கள், முகத்தையும் கையையும் மறைப்பது எது? அதை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, அவருடைய பியரோ அழுமூஞ்சி அல்ல, நல்ல தந்திரக்காரன். கண்ணீரெல்லாம் பிற்பாடு வந்தவர்கள், குறிப்பாகப் போல் லெக்ரான் சேர்த்தது.

சுற்றிலும் என்ன இருக்கிறது

போலந்து ஓவியர் யான் மதெய்கோ 1862இல் வரைந்த அரசவைக் கோமாளி ஸ்தான்சிக்கைப் பாருங்கள். சிவப்பு உடையில் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறான், பக்கத்து மேசையில் ஸ்மோலென்ஸ்க் நகரம் கைவிட்டுப் போன செய்தி, அவன் கோமாளிக் கோல் தரையில். கதவுக்கு அந்தப் பக்கம் விருந்து அமர்க்களப்படுகிறது. கதவைத் துணியால் மறைத்துவிட்டுப் பார்த்தால் அசதியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான் தெரியும். பிக்காஸோ 1905இல் வரைந்த நாடோடிக் கழைக்கூத்தர் குடும்பத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேடையில் வேறு ஆட்கள் இருந்தால் இதைத் திருடிக்கொள்ளுங்கள். ஒருவரும் கோமாளியைத் திட்ட வேண்டாம், பார்க்காமல் அவரவர் வேலையைச் செய்தால் போதும். இசையும் அப்படித்தான், சோக வயலின் வேண்டவே வேண்டாம், துள்ளலான ஒன்றைப் போடுங்கள்.

ஒரு பழைய கதையும் ஒரு எச்சரிக்கையும்

மனச்சோர்வோடு ஒருவன் மருத்துவரிடம் போகிறான், "கோமாளி கிரிமால்டியின் ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள், சரியாகிவிடும்" என்கிறார் மருத்துவர், "நான்தான் கிரிமால்டி" என்கிறான். இந்தக் கதையை வைத்துத் துண்டு செய்யாதீர்கள், ஆளை மாற்றி மாற்றி எத்தனையோ கோமாளிகளின் பெயரில் சொல்லித் தேய்ந்துபோனது. உண்மையான ஜோசப் கிரிமால்டி (1778–1837) மேடையில் சோகமே காட்டாதவர், இறைச்சிக் கொத்துகளைத் திருடி ஓடுகிற அடாவடிக்காரர். ஆடி ஆடி உடம்பு உடைந்து, மகனையும் பறிகொடுத்தது மேடைக்கு வெளியே நடந்தது. அவர் இறந்த மறு வருடம் நாவலாசிரியர் டிக்கன்ஸ் செப்பனிட்டு வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பு, உள்ளுக்குள் அழுகிற கோமாளி என்ற உருவத்தைப் பரப்பியது. மேடையில் ஆடுகிறவன் உள்ளுக்குள் அழுதே ஆக வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. வேலை முடிந்து நன்றாகத் தூங்குகிறவர்கள் இதைப் பிரமாதமாகச் செய்கிறார்கள்.

எச்சரிக்கை இது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸைக் கலக்கிய ஜோடி ஃபூட்டிட்டும் ஷொகொலாவும். ஷொகொலா என்று மேடையில் அழைக்கப்பட்ட ரஃபேல் பதியா கியூபாவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். வெள்ளை முக ஃபூட்டிட் அடிப்பார், இவர் வாங்குவார், கூட்டம் சிரிக்கும். 1917இல் போர்தோவில் வறுமையில் செத்துப்போனார். அபாரமான கலைஞர், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி அவர் யார் என்பதற்காக வந்த சிரிப்பு. உங்கள் துண்டில் கூட்டம் எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நாணயமாகப் பாருங்கள். பட்டனைப் பார்த்துச் சிரிக்கலாம். ஏழ்மையைப் பார்த்து, ஊனத்தைப் பார்த்துச் சிரித்தால் காட்சியையே மாற்றுங்கள்.

மேக்கப், சுருக்கமாக

முதல் நாளே முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவித் தோல் ஏற்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பசையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி மெல்லிசாகத் தடவி, பிறகு விரலால் தட்டித் தட்டிச் சமன் செய்யுங்கள், தேய்த்தால் கோடு கோடாக நிற்கும். ஒரு பருத்திக் காலுறைக்குள் டால்கம் பவுடர் போட்டுக் கட்டி, அதை முகத்தில் ஒற்றுங்கள், கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. இரண்டு மூன்று நிமிடம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் உதறிவிட்டால் வியர்வைக்கு ஓரளவு தாங்கும். நாடோடி என்றால் தாடைக்கு ஸ்பாஞ்சால் சாம்பல் கறுப்பு ஒற்றி, வாயைச் சுற்றி வெள்ளை. வாயைக் கீழ்நோக்கி ரொம்ப வளைக்காதீர்கள், வரைந்த வாய் ஆறு நிமிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். கண்ணீர்த்துளி வரையத்தான் வேண்டும் என்று கை துறுதுறுத்தால் வரையுங்கள், மேடை ஏறுமுன் துடைத்துவிடுங்கள்.

கலைக்கும்போது சோப்பில் தொடங்காதீர்கள். தேங்காய் எண்ணெயோ கோல்டு கிரீமோ தடவி, துணியால் வழித்துவிட்டு, அப்புறம் கழுவுங்கள். வெளியே கிளம்புமுன் காதுக்குப் பின்னாலும் மூக்கு மடிப்பிலும் ஒரு தடவை பாருங்கள், வெள்ளை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.